மெக்னீசியம்: பட்டியலில் இல்லாத உலோகம், பட்டறையில் பிறக்கும் வலிமை

புது தில்லி: நாட்டின் பொருளாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் இன்றியமையாதவை என 30 கனிமங்களை அடையாளம் கண்டு, 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய சுரங்கத் துறை அமைச்சகம் ஒரு பட்டியலை வெளியிட்டது. லித்தியம், கோபால்ட், டைட்டானியம், அரிய மண் தனிமங்கள் எனத் தொடரும் அந்தப் பட்டியலில் மெக்னீசியம் இடம்பெறவில்லை. அமெரிக்கா 2022-இல் வெளியிட்ட பட்டியலில் மெக்னீசியம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய முக்கிய மூலப்பொருள் சட்டம், மெக்னீசிய உலோகத்தை ஒரு படி மேலே வைத்து, ராணுவ, தொழில் முக்கியத்துவம் வாய்ந்த மூலப்பொருளாகவே அறிவித்துள்ளது.

இத்தனைக்கும் இந்தியா தனக்குத் தேவையான மெக்னீசிய உலோகத்தை ஏறத்தாழ முழுமையாக இறக்குமதியே செய்கிறது. அதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவின் கையில் இருப்பதால் வேறு வழியும் அதிகம் இல்லை.

எனினும், விடுபட்ட பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடும் என்று கருதுவதும் தவறாகும். மெக்னீசியத்தின் வலிமை அதன் கனிமத்தில் இல்லை. அதை எந்த வெப்பநிலையில், எந்த வேகத்தில், எத்தனை அழுத்தத்தில் உருவாக்குகிறோம் என்பதில் இருக்கிறது. சுரங்கத்துக்கும் விமானத்துக்கும் இடையே உள்ள இந்தக் கண்ணியைப் பற்றித்தான் தலைநகரில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது.

எடை குறைவு, ஆனால்...

ஒரு கன சென்டிமீட்டர் உருக்கின் எடை சுமார் 7.85 கிராம். அதே அளவு அலுமினியம் 2.7 கிராம். மெக்னீசியம் 1.74 கிராம் மட்டுமே. கட்டமைப்புக்குப் பயன்படும் உலோகங்களில் இதைவிட இலகுவானது நடைமுறைப் பயன்பாட்டில் இல்லை எனலாம். ஹெலிகாப்டரின் பற்சக்கரப் பெட்டியில் குறையும் ஒவ்வொரு கிலோவும் கூடுதல் சுமையாகவோ எரிபொருளாகவோ மாறும். மின்சார வாகனத்தில் எடை குறைந்தால், அதே மின்கலத்தைக் கொண்டு கூடுதல் தொலைவு செல்லலாம்.

இத்தகைய உலோகம் ஏன் எங்கும் பரவவில்லை? விலையும் துருப்பிடிக்கும் இயல்பும் காரணங்கள்தாம். ஆனால், அடிப்படைக் காரணம் அதன் உள்ளமைப்பில் இருக்கிறது.

உலகில் பயன்படும் மெக்னீசிய உறுப்புகளில் மிகப் பெரும்பாலானவை வார்ப்பு முறையில் செய்யப்படுபவை. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி ஆறவிடும்போது அது எண்ணற்ற படிக மணிகளாக உறைகிறது. நிதானமாக ஆறும் வார்ப்பில் இந்த மணிகள் பருத்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கோ அதற்கு மேலோ, அதாவது நூறு மைக்ரான் அளவிலோ அமையலாம். அலுமினியம் கலந்த மெக்னீசியத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 17 பங்கு மெக்னீசிய அணுக்களும் 12 பங்கு அலுமினிய அணுக்களும் கூடிய எளிதில் நொறுங்கும் சேர்மம் ஒன்று, மணிகளின் எல்லைகளில் வலைபோலப் படிகிறது. நுண்ணிய காற்றுத் துளைகளும் அங்கங்கே சிறைப்படுகின்றன. சுமை ஏறும்போது விரிசல் இந்த வலையின் வழியாகவே ஓடுகிறது.

மணல் அச்சில் வார்த்து, பின்னர் வெப்பப் பதம் எதுவும் செய்யாத ஏஇசட் 91 என்ற கலவை (9 சதம் அலுமினியம், 1 சதம் துத்தநாகம்) உடையும் முன் தாங்குவது சுமார் 165 மெகா பாஸ்கல் அழுத்தமே. ஏறத்தாழ அதே சேர்க்கை கொண்ட ஏஇசட் 80 கலவையை ஃபோர்ஜிங் முறையில் அழுத்தி உருவாக்கினால், 300 மெகா பாஸ்கலுக்கு மேல் தாங்குகிறது. வெப்பப் பதம் செய்தால் வார்ப்பின் வலிமையும் கணிசமாக உயரும் என்பது உண்மையே. ஆயினும், நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லையில் ஃபோர்ஜிங் உறுப்பே முந்துகிறது. மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும் சுமைகளைத் தாங்க வேண்டிய சக்கரம், பிடிப்பு உறுப்பு போன்றவற்றுக்கு ஃபோர்ஜிங் நாடப்படுவதும் இதனால்தான்.

அழுத்தத்தில் பிறக்கும் புது மணிகள்

ஃபோர்ஜிங் என்பது கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் அதே தொழில்தான். சம்மட்டிக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான டன் விசை கொண்ட அழுத்த இயந்திரம். ஆனால், இங்கு நிகழ்வது வெறும் உருவ மாற்றமன்று.

சுமார் 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிய மெக்னீசியக் கட்டி அச்சுகளுக்கு இடையே நெரிக்கப்படும்போது முதலில் காற்றுத் துளைகள் மூடிக்கொள்கின்றன. எல்லைகளில் படிந்திருந்த நொறுங்கும் வலை துண்டு துண்டாக உடைந்து சிதறுகிறது. பருத்த மணிகள் நசுங்குகின்றன. அவற்றின் எல்லையோரங்களில் சிதைவின் ஆற்றல் குவிகிறது. அந்த ஆற்றலையே விதையாகக் கொண்டு, நெரிபடும் அதே நேரத்தில், சிதைவற்ற புதிய சிறு மணிகள் முளைக்கின்றன. பழைய பெரிய மணியைச் சுற்றிச் சிறு மணிகள் மாலைபோலத் தோன்றி, அழுத்தம் தொடரத் தொடர உள்நோக்கிப் பரவி, இறுதியில் பெரிய மணியையே விழுங்கிவிடுகின்றன. இதை இயங்குநிலை மறுபடிகமாதல் என்கின்றனர் உலோகவியலாளர்கள். நூறு மைக்ரான் அளவில் இருந்த மணிகள் பத்து மைக்ரானுக்கும் கீழே இறங்குகின்றன.

மணி சிறுத்தால் வலிமை ஏன் கூடுகிறது? உலோகம் வளைவது என்பது, படிகத்துக்குள் அணு அடுக்குகள் சீட்டுக்கட்டுபோல ஒன்றன் மீது ஒன்று வழுக்குவதாகும். அந்த வழுக்கல் ஒரு மணியின் எல்லையை அடைந்ததும் தடைபடுகிறது. அடுத்த மணியின் அடுக்குகள் வேறு திசையில் சாய்ந்திருப்பதே காரணம். மணிகள் சிறிதாக இருந்தால் எல்லைகள் அதிகம். எல்லைகள் அதிகமானால் தடைகளும் அதிகம். பிரிட்டனில் ஆய்வு செய்த ஹால் 1951-இலும், பெட்ச் 1953-இலும் இதற்கான கணக்கை வகுத்தனர். மணியின் அளவு 25-இல் ஒரு பங்காகச் சிறுத்தால், எல்லைகளால் கிடைக்கும் வலிமைப் பங்கு 5 மடங்காகும் என்பதே அதன் சாரம்.

இந்த விதி எல்லா உலோகங்களுக்கும் பொது. ஆனால், மெக்னீசியத்தில் அதன் விளைவு அலுமினியத்தைவிடப் பெரிது. அலுமினியத்தின் படிகத்தில் வழுக்கலுக்குப் பன்னிரண்டு வழிகள் உண்டு. அறுகோண அமைப்பு கொண்ட மெக்னீசியத்திலோ, அறை வெப்பநிலையில் எளிதாக வழுக்குவது அடித்தளத் தளம் ஒன்றே. வழிகள் குறைந்த ஊரில் ஒரு தெருவை அடைத்தாலும் போக்குவரத்து நின்றுவிடுவதைப் போல, மணி எல்லைகள் இங்கு வலுவான தடைகளாகின்றன. எனவே, மணிகளை நுண்மையாக்கும் உழைப்புக்கு அலுமினியத்தைவிட மெக்னீசியம் கூடுதல் பலன் தருகிறது. வலிமையோடு, உடையாமல் நீளும் தன்மையும் சேர்ந்தே உயர்வது இதன் இன்னொரு சிறப்பு.

குறுகிய வாசல்

வலிமைக்கு உதவும் அதே படிக அமைப்புதான் தொழிலுக்குத் தடையாகவும் நிற்கிறது. அறை வெப்பநிலையில் மெக்னீசியக் கட்டியை அழுத்தினால் அது வளைவதற்குப் பதில் வெடிக்கும். சுமார் 225 டிகிரிக்கு மேல்தான் வழுக்கலுக்கான மற்றத் தளங்கள் திறக்கின்றன. அதற்காக வெப்பத்தைக் கண்டபடி ஏற்றவும் முடியாது. புதிதாகப் பிறந்த மணிகள் மீண்டும் பருத்துவிடும். அலுமினியம் மிகுந்த கலவைகளில் 437 டிகிரியை ஒட்டி எல்லைகள் உருகத் தொடங்கும் ஆபத்தும் உண்டு.

வேகமும் முக்கியம். சம்மட்டிபோல ஒரே அடியாக அடித்தால் பல கலவைகள் பிளந்துவிடும். நிதானமாக இறங்கும் ஹைட்ராலிக் அழுத்த இயந்திரமே ஏற்றது. மெக்னீசியம் வெப்பத்தை விரைவில் இழக்கும் என்பதால், உலோகத்தோடு அச்சையும் சூடேற்ற வேண்டும். பல படிகளாக உருவாக்கும்போது, ஒவ்வொரு படியிலும் வெப்பநிலையைச் சற்றே குறைத்துக்கொண்டு போனால்தான் முந்தைய படியில் கிடைத்த நுண்மை காப்பாற்றப்படும்.

கலவைத் தேர்விலும் நுட்பம் உண்டு. இசட்கே 60 என்ற கலவையில் துத்தநாகத்தோடு அரை சதம் அளவுக்குச் சிர்கோனியம் சேர்க்கப்படுகிறது. சிர்கோனியம் வார்ப்பிலேயே மணிகளைச் சிறிதாக்கிவிடுவதால், ஃபோர்ஜிங்குக்கு வரும் கட்டி பாதி வேலை முடிந்த நிலையில் வருகிறது. ஆனால், அலுமினியம் உள்ள கலவையில் இந்த வழி பலிக்காது; அலுமினியமும் சிர்கோனியமும் தமக்குள் சேர்ந்துகொண்டு பயனற்றுப் போகும்.

எந்த வெப்பநிலையில், எந்த வேகத்தில் அழுத்தினால் நல்ல மணிகள் பிறக்கும், எங்கு விரிசல் விழும் என்பதைக் காட்டும் வரைபட முறை ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. அந்த முறையை 1984-இல் அமெரிக்க ஆய்வாளர்களோடு இணைந்து வகுத்தவர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ஒய்.வி.ஆர்.கே. பிரசாத் என்பது குறிப்பிடத்தக்கது. வழிகாட்டும் வரைபடத்தில் இந்தியாவின் பங்கு இருக்கிறது. அந்த வழியில் செல்லும் தொழில்தான் இங்கு வளரவில்லை.

திசைக்கொரு வலிமை

ஃபோர்ஜிங் சர்வரோக நிவாரணி அன்று. அழுத்தும்போது அறுகோணப் படிகங்கள் ஒரே திசை நோக்கி அணிவகுத்துவிடுகின்றன. இதனால், ஒரு திசையில் இழுத்தால் நன்றாகத் தாங்கும் உறுப்பு, அதே திசையில் நசுக்கினால் கணிசமாகக் குறைந்த சுமையிலேயே வளைந்துவிடக் கூடும். படிகத்தின் ஒரு பகுதி கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பிக்கொள்ளும் இரட்டையாதல் என்ற நிகழ்வு இதற்குக் காரணம். ஆகவே, உறுப்பின் மீது சுமை எந்தத் திசையிலிருந்து வரும் என்பதை அறிந்தே அச்சை வடிவமைக்க வேண்டும்.

யிட்ரியம், கடோலினியம், நியோடிமியம் போன்ற அரிய மண் தனிமங்களைச் சிறிதளவு சேர்த்தால் இந்த அணிவகுப்பு தளர்ந்து, திசை வேறுபாடு குறைகிறது. ஆனால், அதிலும் சீனாவின் நிழல் விழுகிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு அரிய மண் தனிமங்களில் யிட்ரியமும் கடோலினியமும் அடங்கும்.

துருப்பிடித்தலை ஃபோர்ஜிங் மட்டும் குணப்படுத்திவிடாது. உலோகத்தின் தூய்மையும் மேற்பூச்சும் அதற்குத் தேவை. தீப்பற்றும் என்ற அச்சம் கட்டி உலோகத்தைவிட, கடைசலில் விழும் சுருளுக்கும் பொடிக்குமே அதிகம் பொருந்தும். அச்சிலேயே இறுதி வடிவத்தை நெருங்கிவிடும் ஃபோர்ஜிங்கில் கடைசல் வேலை குறைவு என்பது ஓர் ஆறுதல்.

ஜெர்மனி கற்பித்த பாடம்

இந்த உலோகம் அரசுகளின் கணக்கை மாற்றியதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன் மெக்னீசிய உற்பத்தியில் உலகில் முதலிடம் வகித்தது ஜெர்மனி. அடித்தால் உடையும் அந்த உலோகத்தை நிதானமாக நெரித்து விமான உறுப்புகளாக்க, அந்நாடு மாபெரும் அழுத்த இயந்திரங்களைக் கட்டியது. போர் முடிந்ததும் 30,000 டன் விசை கொண்ட இயந்திரத்தைச் சோவியத் ஒன்றியம் பெயர்த்துச் சென்றது. 15,000 டன் இயந்திரங்கள் இரண்டு அமெரிக்காவுக்குப் போயின.

தான் பின்தங்கியிருப்பதை உணர்ந்த அமெரிக்கா, 1950-இல் கனரக அழுத்த இயந்திரத் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பணத்தில் பத்து இயந்திரங்கள் கட்டப்பட்டுத் தனியார் ஆலைகளில் நிறுவப்பட்டன. அவற்றில் 50,000 டன் விசை கொண்ட இரண்டு, 1955 முதல் இயங்கி வருகின்றன. மெக்னீசியத்தால் தொடங்கிய அந்தப் போட்டியின் பலனை அலுமினியமும் டைட்டானியமும் அறுவடை செய்தன. சீனாவும் அதே பாடத்தைப் படித்து, சிச்சுவான் மாகாணத்தின் தேயாங்கில் 80,000 டன் இயந்திரத்தை 2013-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது.

இந்தியாவின் கையிருப்பு

இந்தியாவிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஹைதராபாதில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம், 2,000 டன் இயந்திரத்தைக் கொண்டு, ஜெட் என்ஜினுக்கான டைட்டானியத் தகடுகளை அச்சும் உலோகமும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும்படி அழுத்தி உருவாக்கும் நுட்பத்தில் தேர்ச்சி பெற்றுவிட்டதாக 2021 மே மாதம் பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பு அறிவித்தது. மெக்னீசியத்துக்குத் தேவைப்படுவதும் சூடான அச்சும் நிதானமான அழுத்தமும்தான்; அதுவும் டைட்டானியத்துக்கு வேண்டிய வெப்பத்தில் பாதிகூடத் தேவையில்லை. கடினமான பாடத்தைப் படித்துத் தேறியவர்களுக்கு எளிய பாடம் எட்டாததன்று. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் அமெரிக்காவின் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம், அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஆகியவற்றுடன் சேர்ந்து, நுண்மணிகள் கொண்ட வலிமை மிக்க மெக்னீசியக் கலவையை ஏற்கெனவே உருவாக்கிக் காட்டியுள்ளனர்.

மூலப்பொருளுக்கும் பஞ்சமில்லை. மெக்னீசியம் எடுக்கப்படும் டோலமைட் ஒடிஸா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் எனப் பல மாநிலங்களில் கிடைக்கிறது. சேலம் சுண்ணாம்புக் குன்றுகளின் மேக்னசைட் உலைச் செங்கல்லுக்குப் போகிறதே தவிர, உலோகமாவதில்லை. ஜாம்ஷெட்பூரில் உள்ள தேசிய உலோகவியல் ஆய்வகமும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் பல பத்தாண்டுகளாக உற்பத்தி முறைகளை ஆராய்ந்து வந்துள்ளன. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்திலும் ஆந்திரத்திலும் தொடங்கப்பட்ட சிறு ஆலைகள் நிலைக்கவில்லை. மலிவான சீன உலோகம் வந்திறங்கிய காலத்தில் பிரான்ஸ், நார்வே, கனடா ஆகிய நாடுகளின் ஆலைகளே மூடப்பட்டன என்பதையும் மறந்துவிடலாகாது.

அந்த மலிவின் மறுபக்கம் 2021-இல் தெரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மின்பயன்பாட்டைக் குறைப்பதற்காகச் சீனாவின் யூலின் நகர நிர்வாகம், அங்குள்ள சுமார் 50 ஆலைகளில் 35-ஐ மூடவும் எஞ்சியவற்றின் உற்பத்தியைப் பாதியாகக் குறைக்கவும் உத்தரவிட்டது. சில வாரங்களில் விலை பன்மடங்கு ஏறியது. நவம்பர் இறுதிக்குள் கையிருப்பு தீர்ந்துவிடும் என்று ஐரோப்பியத் தொழில் அமைப்புகள் எச்சரித்தன. மெக்னீசியம் தட்டுப்பட்டால் மெக்னீசிய உறுப்புகள் மட்டும் நிற்பதில்லை. அலுமினியக் கலவைகளுக்கும், உருக்கிலிருந்து கந்தகத்தை நீக்குவதற்கும் அது தேவை. கேரளத்தின் சவறாவில் உள்ளதைப் போன்ற ஆலைகளில் டைட்டானியம் பிரித்தெடுக்கப்படுவதும் மெக்னீசியத்தைக் கொண்டுதான். டைட்டானியம் பட்டியலில் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க உதவும் உலோகம் இல்லை!

யாருடைய பொறுப்பு?

2023 மழைக்காலக் கூட்டத்தொடரில், மணிப்பூர் விவகாரம் எழுப்பிய அமளிக்கிடையே, சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத் திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முக்கியக் கனிமங்களுக்கான சுரங்க உரிமைகளை மத்திய அரசே ஏலம் விட அது வழிவகுத்தது. ஆனால், மெக்னீசியத்தின் தாய்க் கனிமமான டோலமைட், 2015 முதல் சிறு கனிமம் என்ற வகையில் மாநில அரசுகளின் பொறுப்பில் உள்ளது. கட்டுமான மணலும் அதே வகையில்தான் அடங்கும்.

2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய முக்கியக் கனிமங்கள் இயக்கத்துக்கு அரசு ரூ. 16,300 கோடியும், பொதுத்துறை நிறுவனங்கள் ரூ. 18,000 கோடியும் செலவிட வேண்டும் என்பது திட்டம். கனிமத்தைத் தேடுதல், தோண்டுதல், தூய்மைப்படுத்துதல், பழைய பொருள்களிலிருந்து மீட்டெடுத்தல் ஆகியவற்றை அது பேசுகிறது. உலோகமான பிறகு அதற்கு வலிமையூட்டும் பட்டறை அதன் வரம்புக்குள் இல்லை. சுரங்கம் ஒரு துறை, கனரக இயந்திரம் மற்றொரு துறை, ஆய்வகங்கள் வேறொரு துறை, வாங்குவது பாதுகாப்புத் துறை என நான்கு அமைச்சகங்களுக்கு இடையே மெக்னீசியம் விழுந்து கிடக்கிறது.

முதல் வேலை, பட்டியலை மறுஆய்வு செய்வது. அதனுடன், அழுத்த இயந்திரங்களையும், அவற்றை இயக்கத் தெரிந்த கைகளையும் நாட்டின் சொத்தாகக் கருதுவது அவசியம். அமெரிக்கா 1950-இல் செய்ததைப் போல, அரசு முதலீடு செய்து, தொழில் நிறுவனங்களைக் கொண்டு இயக்கும் முறையை எண்ணிப் பார்க்கலாம். தனியொரு நிறுவனம் துணிந்து இறங்க, வாங்குவதற்கு உறுதி தரும் அரசுத் துறை ஒன்றாவது முன்வர வேண்டும்.

இல்லாவிட்டால், நாளை டோலமைட்டைத் தோண்டி உலோகமாக்கினாலும், இந்தியா அதைக் கட்டியாக விற்று, வெளிநாட்டில் நெரிக்கப்பட்டு வலிமை பெற்ற உறுப்பாகப் பன்மடங்கு விலை கொடுத்துத் திரும்ப வாங்க நேரிடும். இரும்புத் தாதுவை ஏற்றுமதி செய்துவிட்டு உயர்தர உருக்கை இறக்குமதி செய்த கதை இந்நாட்டுக்குப் புதிதன்று. அதை இன்னொரு உலோகத்திலும் தொடர்வதா என்பதைத் தில்லிதான் முடிவு செய்ய வேண்டும்.